கோட்டைக்குள் ஆலயமும் சிறையும்: டென்மார்க்கின் பழங்கோட்டைகள் உணர்த்தும் திருச்சபை வரலாறு

நாற்பத்தாறாம் சங்கீதத்தைத் தழுவி மார்ட்டின் லுத்தர் இயற்றிய பாட்டு தேவனைப் பலத்த கோட்டையாகக் காட்டுகிறது. சீர்திருத்தத் திருநாளில் நம் சபைகள் அதனை விரும்பிப் பாடுகின்றன. ஆயினும், லுத்தரின் காலத்தவர் தம் கண்களால் கண்ட கோட்டை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அக்கோட்டைக்குள் அரசன் வாழ்ந்தான்; படைக்கலச் சாலையும் களஞ்சியமும் இருந்தன; வழிபடுவதற்கு ஆலயம் இருந்தது; அதே மதில்களுக்குள் சிறையும் இருந்தது. அடைக்கலம் தரும் இடமும் அடைத்துவைக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன.

இவ்வுண்மையை நேரிற் கண்டு உணர்வதற்கு டென்மார்க் மிகவும் ஏற்ற நாடு. அது சிறிய நாடு. ஒரு கோட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நெடும் பயணம் தேவையில்லை. தமிழ் நாட்டு லுத்தரன் திருச்சபையினருக்கோ அங்குச் செல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அனுப்பியவர் டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடரிக். நம் திருச்சபையின் தொடக்க வரலாற்றின் ஒரு பகுதி அந்நாட்டு அரண்மனைகளில் நிகழ்ந்தது. ஆகவே, கட்டடங்களின் அழகை வியந்து திரும்பிவிடாமல், ஒவ்வொரு கோட்டையிலும் இரண்டு வினாக்களை எழுப்புவது நமக்குப் பயன் தரும். இங்கு ஆலயம் எங்கே இருந்தது? இங்குச் சிறை எங்கே இருந்தது?

முதலில் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. டேனிய மொழியில் 'போர்க்' என்பது அரண் செய்யப்பட்ட கோட்டையைக் குறிக்கும். 'ஸ்லொட்' என்பது அரண்மனையைக் குறிக்கும். பல இடங்களில் பழைய போர்க் பிற்காலத்தில் ஸ்லொட்டாக மாற்றிக் கட்டப்பட்டது. தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டான்ஸ்போர்க் என்பதன் பொருளும் இதனால் விளங்கும்: அது டேனியரின் கோட்டை.

பேராயர்களின் கோட்டைகள்

சீர்திருத்தத்திற்கு முன்னர் டென்மார்க்கின் பேராயர்கள் மேய்ப்பர்களாக மட்டும் இருக்கவில்லை. படையும் நிலமும் கோட்டையும் உடைய ஆட்சியாளர்களாகவும் இருந்தனர். ரோஸ்கில்டேயின் பேராயர் அப்சலோன் 1167ஆம் ஆண்டளவில் கடலோரத்துச் சிறு தீவொன்றில் ஒரு கோட்டை எழுப்பினார். அதன் நிழலில் வளர்ந்த துறைமுகமே கோபன்ஹேகன் நகரம். 1369இல் ஹன்சா வணிக நகரங்களின் படையினர் அக்கோட்டையை இடித்துத் தள்ளினர். பின்னர் அதே இடத்தில் கோபன்ஹேகன் கோட்டை கட்டப்பட்டது. 1417இல் அது பேராயரிடமிருந்து அரசரின் கைக்கு மாறியது. இன்று அவ்விடத்தில் டென்மார்க்கின் நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை நிற்கிறது. அதன் அடித்தளத்திற்குள் இறங்கிச் செல்வோர் அப்சலோனின் சுற்றுமதில் எச்சங்களை இன்றும் காணலாம். மக்களின் பிரதிநிதிகள் சட்டம் இயற்றும் மன்றத்தின் கீழே ஒரு பேராயரின் போர்மதில் கிடக்கிறது.

பால்டிக் கடலிலுள்ள போர்ன்ஹோல்ம் தீவில், கடல்மட்டத்திற்கு மேல் எழுபது மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஹாமர்ஸ்ஹூஸ் என்னும் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. வட ஐரோப்பாவின் கோட்டை இடிபாடுகளுள் இதுவே மிகப் பெரியது எனக் கூறுவர். நீண்ட காலம் இது லுண்டு நகரத் தலைமைப் பேராயர்களின் உடைமையாக இருந்தது. அரசர்களோடு பிணக்கு நேர்ந்த போதெல்லாம் அவர்கள் இத்தகைய அரண்களையே நம்பினர். 1294இல் அரசர் எரிக் மென்வேட், தலைமைப் பேராயர் யென்ஸ் கிராண்டைச் சிறைப்பிடித்து, வட சீலந்திலுள்ள சோபோர்க் கோட்டையில் அடைத்தார். மறு ஆண்டு அங்கிருந்து தப்பிய அவர் ஹாமர்ஸ்ஹூஸுக்குச் சென்று சேர்ந்தார். சோபோர்க்கைக் கட்டியவரும் எஸ்கில் என்னும் தலைமைப் பேராயரே என்பது கருதத்தக்கது. ஒரு தலைமைப் பேராயர் எழுப்பிய மதில், பின்வந்த மற்றொருவரைச் சிறைவைக்கப் பயன்பட்டது.

1536ஆம் ஆண்டு நிகழ்ந்தது

டென்மார்க்கில் சீர்திருத்தம் முதலில் பிரசங்கத்தினாலேயே பரவியது. ஹான்ஸ் டவுசன் முதலிய போதகர்கள் 1520களில் சுவிசேஷத்தை மக்களின் மொழியில் அறிவித்து நகரங்களில் பேராதரவு பெற்றனர். ஆனால் அது சட்டமாக நிலைபெற்ற முறை வேறு. உள்நாட்டுப் போரில் வென்ற மூன்றாம் கிறிஸ்தியான் 1536 ஆகஸ்டில் கோபன்ஹேகனுக்குள் நுழைந்தார். கூலிப்படையினருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவரைப் பெரிதும் நெருக்கியது. அம்மாதம் 12ஆம் நாள் பேராயர்களைச் சிறைப்பிடிக்க ஆணையிட்டார். அவர்களுடைய நிலங்களும் கோட்டைகளும் அரசுடைமையாயின. புதிய ஒழுங்கை ஏற்றுக்கொண்ட பேராயர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ரோஸ்கில்டேயின் பேராயர் யோவாக்கிம் ரோனோ மட்டும் விடுதலை காணாமல் 1544இல் சிறைக்காவலிலேயே இறந்தார்.

1537இல் விட்டன்பர்க்கிலிருந்து வந்த யோகான் புகன்ஹாகன் அரசருக்கு முடிசூட்டி, ஏழு புதிய திருச்சபைத் தலைவர்களையும் அருட்பொழிவு செய்தார். பேராயர் என்னும் பழைய பட்டத்தை விடுத்து, அவர்களுக்குக் கண்காணிப்பாளர் என்னும் பெயர் கொடுக்கப்பட்டது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் சொல்லுக்கு இப்பெயரே நெருங்கிய பொருளுடையது. இவர்களுக்குக் கோட்டைகள் இல்லை. போதிப்பதும் சபைகளைப் பார்வையிடுவதுமே இவர்களின் பணி.

இங்கு நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சபை வாளையும் மதிலையும் இழந்தது நன்மையே. ஆனால் அவை உருகிக் கலப்பைகளாகிவிடவில்லை. அரசரின் கைக்குச் சென்றன. ரோஸ்கில்டே பேராயர்களின் டிராக்ஸ்ஹோல்ம் கோட்டை இதற்குச் சான்று. சீர்திருத்தத்திற்குப் பின் அது அரசின் சிறையாகப் பயன்பட்டது. ஸ்காத்லாந்து அரசி மேரியின் கணவராகிய போத்வெல் பிரபு அங்கே அடைபட்டு 1578இல் இறந்தார். இன்று அது விருந்தினர் தங்கும் விடுதி.

பிரசங்கத்திற்கென எழுந்த ஆலயங்கள்

லுத்தரன் வழிபாட்டுக் கட்டடக்கலையை அறிய விரும்புவோர் கோட்டை ஆலயங்களையே முதலில் நாட வேண்டும். இதற்குக் காரணம் எளியது. ஊர்களிலும் நகரங்களிலும் இடைக்கால ஆலயங்கள் ஏற்கெனவே போதிய அளவில் இருந்தன. சபையார் அவற்றையே மாற்றி அமைத்துப் பயன்படுத்தினர். புதிதாக ஆலயம் கட்டும் வாய்ப்பும் பொருளும் அரசர்களுக்கே இருந்தன. ஜெர்மனியில் டோர்காவ் அரண்மனையின் ஆலயத்தை 1544இல் லுத்தரே பிரதிஷ்டை செய்தார். பக்கப் பீடங்கள் அங்கு இல்லை. பீடமும் பிரசங்க மேடையும் எல்லார் கண்ணுக்கும் புலப்படும்; சுற்றிலும் மாடங்கள் அமைந்து, கூடியிருப்போர் அனைவரும் சொல்லைக் கேட்கத் தக்கதாயிருக்கும்.

அவ்வமைப்பின் வழிவந்த ஆலயங்களுள் ஒன்று தென் யூட்லாந்திலுள்ள சோண்டர்போர்க் கோட்டையில் உள்ளது. மூன்றாம் கிறிஸ்தியானின் கைம்பெண்ணாகிய அரசி டோரதேயா 1568 முதல் 1570 வரை அதனைக் கட்டுவித்தார். ஐரோப்பாவில் இன்றளவும் நிலைத்துள்ள லுத்தரன் அரண்மனை ஆலயங்களுள் மிகப் பழையவற்றில் அது ஒன்று. அளவில் சிறியது, ஆனால் சீர்திருத்தத்தின் முதல் இரு தலைமுறையினர் வழிபாட்டை எவ்வாறு எண்ணினர் என்பதை நூல்களினும் தெளிவாகக் காட்டக்கூடியது.

ஹெல்சிங்கோரிலுள்ள குரோன்போர்க் கோட்டையை ஹாம்லெட் நாடகத்தின் களமாகவே பலர் அறிவர். இரண்டாம் பிரெடரிக் 1574 முதல் 1585 வரை அதனைப் புதுப்பித்துக் கட்டினார். குறுகிய நீரிணையைக் கடக்கும் கப்பல்களெல்லாம் அங்குச் சுங்கம் செலுத்த வேண்டும்; பீரங்கிகள் அதற்குக் காவல். 1857இல் ஒழிக்கப்படும் வரை நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அச்சுங்கம் நீடித்தது. கோட்டை ஆலயம் 1582இல் திறக்கப்பட்டது. 1629இல் பெருந்தீயினால் கோட்டை முழுதும் வெந்தபோது, வலிமையான வளைவுக்கூரையின் கீழிருந்த ஆலயம் மட்டும் தப்பியது. பிற்காலத்தில் கோட்டை படைவீடானபோது ஆலயம் வழிபாட்டினின்று விலக்கப்பட்டு வேறு பணிகளுக்கு உட்பட்டது; 1843இல் மீண்டும் வழிபாட்டிற்கு உரியதாயிற்று. செதுக்குவேலை நிறைந்த இருக்கைகளை இன்று காணலாம். அதே கோட்டையின் அடியில் வெளிச்சம் புகாத நிலவறைகளும் உள்ளன. படைவீரர்களும் கைதிகளும் அங்கு வைக்கப்பட்டனர். விளக்கு ஏந்தியே உள்ளே நடக்க வேண்டும். ஆலயத்தைக் கண்டபின் அங்கும் இறங்கிப் பார்ப்பது நலம்.

முடி யாருடைய கையில்?

ஹில்லரோட் நகரில் ஏரியின் நடுவே மூன்று சிறு தீவுகளில் நான்காம் கிறிஸ்தியான் கட்டிய ஃபிரெடரிக்ஸ்போர்க் அரண்மனை நிற்கிறது. 1617இல் முடிவுற்ற அதன் ஆலயத்தில் வெள்ளியாலும் கருங்காலியாலும் ஆன பீடமும் பிரசங்க மேடையும் உள்ளன. கொம்பேனியுஸ் என்பவர் 1610இல் செய்த ஆர்கனின் குழல்கள் ஆயிரத்தொன்றும் மரத்தாலானவை. அவ்விசைக்கருவி இன்றும் ஒலிக்கிறது. 1859 டிசம்பரில் அரண்மனையின் பெரும்பகுதி தீக்கிரையானபோது இவ்வாலயமும் தப்பியது. மது வடிப்பாலை உரிமையாளரான யாக்கோப்சன் முதலியோரின் கொடையால் அரண்மனை மீண்டும் எழுந்து, 1878 முதல் நாட்டு வரலாற்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ஆலயமோ ஊர்ச்சபையின் ஆலயமாக இருந்துவருகிறது. ஞாயிறு வழிபாட்டில் பயணிகளும் அமரலாம்.

இவ்வாலயத்தில் இறையியல் மாணவர் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1660இல் டென்மார்க்கில் வரம்பற்ற முடியாட்சி ஏற்பட்டது. 1665ஆம் ஆண்டின் அரசச் சட்டம் அரசரை எல்லா மனிதச் சட்டங்களுக்கும் மேலானவர் ஆக்கியது. ஆயினும் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்கு அவர் கட்டுப்பட வேண்டும் என விதித்தது. 1671 முதல் 1840 வரை அரசர்களின் அபிஷேகம் பெரும்பாலும் இங்கேயே நடந்தது. முற்காலத்தில் பேராயர் முடியை அரசரின் தலையில் வைப்பார். இப்போதோ அரசர் தாமே முடி தரித்தவராய் ஆலயத்திற்குள் வந்தார். பேராயர் எண்ணெய் பூசுவதோடு நின்றார். முடியை வேறு எவரும் கொடுக்கவில்லை என்பது இதனால் உணர்த்தப்பட்டது. பேராயர் கையில் எண்ணெய் இருந்தது. அரசரை நோக்கி 'கூடாது' என்று சொல்லும் இடம் சடங்கில் இல்லை. தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை அனுப்பிய நான்காம் பிரெடரிக்கும் 1700இல் இங்கேயே இம்முறைப்படி அபிஷேகம் பெற்றார்.

மதிலுக்குள் அடைபட்டோர்

இனிச் சிறைகளுக்கு வருவோம். சோண்டர்போர்க்கில் அரசி டோரதேயாவின் ஆலயம் எழுவதற்கு முன்பே, அதே கோட்டையில் ஓர் அரசர் பதினேழு ஆண்டுகள் கைதியாயிருந்தார். அவர் இரண்டாம் கிறிஸ்தியான். குற்றமற்றவர் எனக் கூற இயலாது. 1520இல் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த படுகொலைக்கு அவரே பொறுப்பாளி. ஆயினும், நாடிழந்து விட்டன்பர்க்கில் தங்கியபோது லுத்தரின் போதனையால் ஈர்க்கப்பட்டார். டேனிய மொழியின் முதல் புதிய ஏற்பாடு 1524இல் வெளிவந்தது அவருடைய முயற்சியினாலேயே. பின்னர் பேரரசரின் உதவியைப் பெறும்பொருட்டுப் பழைய சபைக்குத் திரும்பினார். 1532இல், பாதுகாப்பு உறுதிமொழியை நம்பிப் பேச்சுவார்த்தைக்கு வந்தவரை, உறுதிமொழியை மீறிச் சிறையிட்டனர். அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்ததனால் கட்டைவிரல் பட்டு அதன் விளிம்பு தேய்ந்ததென்று மக்கள் கதை சொல்வர். 1549இல் கலுண்ட்போர்க்கிற்கு மாற்றப்பட்டு, 1559 ஜனவரியில் இறந்தார். அவரை விடுவிக்காத மூன்றாம் கிறிஸ்தியானும் அதே மாதத்தின் முதல் நாளில் கோல்டிங்ஹூஸ் கோட்டையில் காலமானார். சோண்டர்போர்க்கின் அழகிய ஆலயத்தில் அமர்வோர் இவ்வரலாற்றையும் நினைக்க வேண்டும். தம் மக்களுக்கு வேதத்தைத் தாய்மொழியில் அளிக்க உதவியவர் லுத்தரன் அரசரின் கைதியாக முதுமை எய்தினார்.

கோபன்ஹேகன் கோட்டையின் நீலக் கோபுரமும் இத்தகையதே. நான்காம் கிறிஸ்தியானின் மகள் லெயொனோரா கிறிஸ்தினா 1663 முதல் 1685 வரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கு அடைபட்டிருந்தார். கணவர்மீது துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்மீதோ எவ்வித விசாரணையும் நடக்கவில்லை. அதற்கு முன்னரே கணவரும் அவரும் ஹாமர்ஸ்ஹூஸில் சிறையிருந்து, 1661இல் தப்ப முயன்று பிடிபட்டவர்கள். நீலக் கோபுரத்தில் அவர் தம் துன்பங்களை எழுதிவைத்தார். யோபுவைப் போலத் தேவனோடு வழக்காடுவதும் தேவனைப் பற்றிக்கொள்வதும் அந்நூலில் ஒருங்கே காணப்படுகின்றன. அது 1869இல்தான் அச்சேறியது. கோபுரம் இன்று இல்லை. அதன் அடித்தளத்தைக் கிறிஸ்டியான்ஸ்போர்க்கின் நிலவறையில், அப்சலோனின் மதிலுக்கு அருகே காணலாம்.

இடிபாடுகளைப் போற்றும் முறை

அதிகாரம் அகன்றபின் கோட்டைகளின் கற்கள் வேறு பணிகளுக்குச் சென்றன. யூட்லாந்தின் கிழக்குக் கரையில் காலோ கோட்டை உள்ளது. குடியானவர்களின் கிளர்ச்சியை அடக்கியபின் அவர்களைக் கட்டுக்குள் வைக்க எரிக் மென்வேட் 1313இல் எழுப்பியது அது. பிற்காலத்தில் சுவீடனின் அரசராகிய கஸ்தாவ் வாசா இளமையில் அங்குக் கைதியாயிருந்து 1519இல் தப்பினார். 17ஆம் நூற்றாண்டில் அதனை இடித்துக் கற்களைக் கோபன்ஹேகனில் ஒரு மாளிகை கட்டக் கொண்டுசென்றனர். இன்று கடல்நீரினூடே செல்லும் இடைக்காலக் கல்பாதை வழியாக நடந்து ஓர் உடைந்த கோபுரத்தை அடையலாம். ஹாமர்ஸ்ஹூஸும் 1743இல் கைவிடப்பட்டு, 1822இல் சட்டப் பாதுகாப்புப் பெறும் வரை சுற்றுவட்டாரத்தாருக்குக் கற்சுரங்கமாயிருந்தது. இவ்விரு இடிபாடுகளையும் காணக் கட்டணமில்லை.

கோல்டிங்ஹூஸ் நமக்கு வேறொரு பாடம் தருகிறது. 1808 மார்ச் இறுதியில், நெப்போலியனுக்குத் துணையாக வந்த ஸ்பானியப் படையினர் அங்குத் தங்கியிருந்தனர். குளிர் தாங்காமல் மூட்டிய தீ புகைபோக்கியினின்று பரவிக் கோட்டையை எரித்தது. நெடுங்காலம் அது கூரையற்றுக் கிடந்தது. 1970களில் தொடங்கிய மறுசீரமைப்பை எக்ஸ்னர் தம்பதியர் வடிவமைத்தனர். இடிந்த பகுதிகளைப் பழையன போலவே கட்டித் தீயின் வடுவை மறைத்துவிட அவர்கள் விரும்பவில்லை. புதிய கூரையை மரத்தூண்கள் தாங்குகின்றன; உடைந்த சுவர்கள் உடைந்தவாறே நிற்கின்றன. எது பழையது, எது புதியது என்பதைச் சிறுவரும் கண்டுகொள்ளலாம். திருச்சபை வரலாறு எழுதுவோர்க்கும் இம்முறை உகந்தது. முன்னோரின் குறைகளைப் பூசி மறைத்தால் வீடு அழகாயிருக்கும். ஆனால் தீ எங்கிருந்து வந்ததென்பதைப் பின்வரும் தலைமுறை அறியாது.

தரங்கம்பாடியில் அதே கோட்டை

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் கடற்கரையிலும் உள்ளது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். நான்காம் பிரெடரிக்கின் ஆணையோடு வந்த சீகன்பால்குவை, அதே அரசரின் பெயரால் ஆட்சி செய்த தளபதி ஹாசியஸ் 1708 நவம்பரில் கைதுசெய்து அக்கோட்டையில் அடைத்தார். நான்கு மாதங்களுக்குப் பின், 1709 மார்ச்சில் அவர் விடுதலையானார். அனுப்பியதும் அரசரின் கை. அடைத்ததும் அரசரின் பெயரால் ஓங்கிய கை.

1718இல் சீகன்பால்கு பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் நான்காம் பிரெடரிக்கின் முடியும் பெயரெழுத்தும் இன்றும் உள்ளன. அரசரின் ஆதரவின்றி அச்சுக்கூடமும் பள்ளிகளும் ஆலயமும் எழுந்திருக்க மாட்டா என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த முத்திரையைக் காணும் அதே நாளில் கடற்கரைக்கு நடந்து சென்று கோட்டையின் அறைகளையும் பார்க்க வேண்டும். ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாதவர் பாதி வரலாற்றையே கற்றவர் ஆவார்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் அரமனையில் வெளியரங்கமான தம் கட்டுகளைப் பற்றிப் பேசுகிறது. கடைசி அதிகாரம் இராயனுடைய அரமனையைச் சேர்ந்த பரிசுத்தவான்களின் வாழ்த்துதலோடு முடிகிறது. அரமனையில் விசுவாசிகள் இருக்கலாம் என்பதைப் பவுல் மறுக்கவில்லை. அதற்காகத் தம் விலங்குகளைப் பற்றிப் பேசாமலும் இருக்கவில்லை. நம் திருச்சபைகளுக்கும் இன்று கல்லூரிகளும் மருத்துவமனைகளும் சொத்துகளும் உள்ளன. அவற்றைப் பாதுகாக்க ஆட்சியாளரின் தயவை நாடும் சோதனையும் உண்டு. அத்தயவைப் பெறும் நாளில், யாருடைய விலங்குகளைக் குறித்து நாம் பேசாதிருக்கும்படி எதிர்பார்க்கப்படுகிறோம் என்று கேட்டுக்கொள்வது, டேனியக் கோட்டைகளைச் சுற்றிவந்தவர் தம் சபைக்குக் கொண்டுவரத்தக்க நல்ல வினாவாகும்.